கடைமடை டீச்சர்

முட்டை கொடுக்கிற நாளில் அந்த டீச்சரைப் பார்த்திருக்க வேண்டும். அங்கன்வாடியில் பிள்ளைகள் எல்லாம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆயாம்மா வழக்கப்படி வாசலோரத்துப் பிள்ளையிடமிருந்து ஆரம்பிக்கப் போவார். டீச்சர் அவர் கையிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டு நேரே பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிற கடைசிப் பிள்ளையிடம் போய்விடுவார். அடித்துப் பிடித்து முன்னால் இடம் பிடித்த வீராதி வீரர்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். மறுமுறை அவர்கள் எல்லாரும் பின்சுவருக்கு ஓடிப்போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு டீச்சர் வாசலிலிருந்து ஆரம்பித்தார். யாருக்கு வராமல் போய்விடுமோ அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில், அவ்வளவுதான் அவர் கணக்கு.

எங்கள் ஊரில் அவர் சில வருடங்கள்தான் வேலை பார்த்தார். பிறகு சொந்த ஊர்ப் பக்கமே மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், ஆயாம்மாவைப் பற்றி யாராவது எழுதினீர்களா, என்னைப் பற்றி எழுத வந்துவிட்டீர்களே என்று போன் போட்டுச் சண்டைக்கு வருவார். சண்டை என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. குள்ளமான உருவம், தோளில் எப்போதும் ஒரு கட்டைப்பை, மூக்கு நுனிக்கு இறங்கி வந்துவிட்ட கண்ணாடி. தெருவில் வரும்போதே யாரையாவது எதற்காவது கேள்வி கேட்டுக்கொண்டுதான் வருவார்.

அவர் பேராவூரணிப் பக்கத்துக்காரர். கடைமடை ஊர். கல்லணையில் தண்ணீர் திறந்தால் எங்கள் திருக்காட்டுப்பள்ளி வாய்க்காலுக்குச் சுருக்க வந்துவிடும். வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிற அவர் ஊருக்கு, மேலே உள்ளவர்கள் எல்லாம் பாய்ச்சிக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அவருடைய அத்தா, அப்பாவை அப்படித்தான் சொல்வார், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே நின்றுகொண்டிருப்பாராம். இன்றைக்கு உங்கள் முறை என்று சொல்வார்களாம், தண்ணீர் மட்டும் வராதாம். இதைச் சொல்லும்போது டீச்சருக்குச் சோகமெல்லாம் வராது, நேற்று நடந்த மாதிரி கோபம்தான் வரும்.

அந்தக் கோபத்தோடுதான் அவர் உலகத்தையே பார்த்தார். ஒரு கல்யாணத்தில் நான் மைக் செட் கட்டியிருந்தேன். பந்தியில் பாயசம் முதல் வரிசையில் இரண்டாம் தரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி இலையில் ஒரு பெரியவர் சாதத்துக்கு ரசமே வராமல் உட்கார்ந்திருந்தார். விருந்துக்கு வந்த டீச்சர் எழுந்துபோய், பரிமாறுகிற பையனிடமிருந்து வாளியைப் பிடுங்கி அந்தப் பெரியவருக்கு ஊற்றிவிட்டு வந்தார். பொண்ணு வீட்டுக்காரர்களுக்கு ஒரே அவமானம். எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் செய்கிற காரியமா அது?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். காதுகுத்து, பூப்பு நீராட்டு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் என் பெட்டிதான் பேசும். சத்தம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் பாருங்கள், கடவுள் எனக்குக் கொடுத்த ஒரே மகள் மகிழினிக்கு மிக்ஸி ஓடினாலே ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பேச்சு கிடையாது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தஞ்சாவூரில் டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். தினமும் பயிற்சிக்குக் கூட்டிவாருங்கள், மற்ற பிள்ளைகளோடும் பழகவிடுங்கள் என்றார். பயிற்சிக்குப் போனோம். பழகவிடுவதுதான் எங்கே என்று தெரியவில்லை.

டீச்சருக்கு அவளைப் பற்றித் தெரிந்ததே ஒரு சண்டையில்தான். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நான் ஸ்பீக்கர் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். எல்லாத் தெருவுக்கும் கட்டினீர்களே, கடைசித் தெருவில் ஏன் கட்டவில்லை, அவர்கள் வரி கொடுக்கவில்லையா என்று ஆரம்பித்தார். எனக்கு ஏணி மேலேயே சுர்ரென்று ஏறிவிட்டது. கடைசித் தெருவில் இருப்பது என் வீடுதான், என் மகளுக்குச் சத்தம் ஆகாது, போதுமா என்று கத்தினேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு என்னையே பார்த்தார். நாலு வயதுப் பிள்ளை ஒன்று அந்தத் தெருவில் இருப்பது தன் கணக்கில் வராமல் போனது அவருக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். என் மனைவி கவிதாவிடம், நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீயும் வந்து உட்கார் என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போனார்.

போனார்கள். நன்றாக நடந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அங்கன்வாடி ஒரே ஒரு அறை, மேலே தகரம். அதற்குள் பிள்ளைகள் தட்டைத் தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி இரட்டிப்பாகும். மகிழினி மூலையில் தலையை முட்டிக்கொள்வாள். ஒருநாள் தர்ஷினி என்கிற பிள்ளை, விளையாட்டாகத்தான், அவள் காதுக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்துத் தட்டில் அடித்தது. மகிழினி அதன் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்துவிட்டது.

தர்ஷினியின் அம்மா ராதிகாவுக்கு வயலும் உண்டு, வாயும் உண்டு. தெருவிலுள்ள மற்ற அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பிள்ளை வந்தால் எங்கள் பிள்ளைகள் வராது, ஒன்று அது இருக்கட்டும், இல்லாவிட்டால் இவை இருக்கட்டும் என்று டீச்சரிடம் சொன்னாள். கவிதா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாளாம். ராதிகாவை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகளின் கையில் இன்னொரு பிள்ளையின் பல் பதிந்திருந்தால் நான் அந்த வீட்டு வாசலில் நின்று என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

என் அண்ணன் திருச்சியில் இருக்கிறார். அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற ஓர் இடத்தில் விசாரித்துவிட்டார். நல்ல இடம்தான், நானே போய்ப் பார்த்தேன். பொங்கல் கழித்துக் கொண்டுவந்து விடுங்கள் என்றார்கள். கவிதா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் என்ன, இனிக்கவா செய்தது? வேறு வழி தெரியவில்லை. டீச்சரிடம் போய், இனிமேல் பிள்ளையை அனுப்பவில்லை, திருச்சியில் விடப்போகிறோம் என்று சொன்னேன். அவர் முட்டை ஓடுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“பொங்கல் கழிச்சுத்தானே? அதுவரைக்கும் இருக்குல்ல. அறுப்பு முடியிற வரைக்கும் எங்கிட்ட விடுங்கண்ணே” என்றார். ராதிகாவிடமும் போய் அதே தவணையைக் கேட்டு வாங்கினார். எப்படி வாங்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு ஒருநாள் கடைக்கு வந்து போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ வெளிநாட்டு ஊரில் ஒரு பூங்கா. குழாய்களையும் மரக்கட்டைகளையும் வரிசையாக நட்டுவைத்திருந்தார்கள். பிள்ளைகள் வெட்டவெளியில் நின்று தட்டித் தட்டி விளையாடின. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த பிள்ளையும் தட்டியது, பேசாத பிள்ளையும் தட்டியது. இதே மாதிரி அங்கன்வாடிக்குப் பின்னால் புங்க மரத்தடியில் நாமும் போடுவோம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் ஆகாத பிள்ளைக்குச் சத்தம் போடுகிற இடமா? தலைவலிக்காரனைக் கொண்டுபோய்ச் சினிமாக் கொட்டகைக்குள் உட்கார வைப்பீர்கள் போலிருக்கிறதே என்றேன். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் ஒன்று புரிந்தது. அறைக்குள் மோதித் திரும்புகிற சத்தம் வெளியில் திரும்பாது, காற்றோடு போய்விடும். என் தொழிலில் தினமும் பார்க்கிறதுதான்.

முதலில் அவர் கட்டிய கூத்தைக் கேளுங்கள். பழைய இரும்புக் கடையில் கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து தொங்கவிட்டுவிட்டார். டிராக்டர் தகடு, எவர்சில்வர் தாம்பாளம், ஓட்டைப் பால் கேன். அவருக்குச் சந்தோஷம் என்றால் ஓங்கி அடிக்க வேண்டும். தானே ஓர் இரும்புக் கம்பியை எடுத்து டிராக்டர் தகட்டில் ஒரு போடு போட்டார். மகிழினி வீறிட்டுக்கொண்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாய்க்காலை நோக்கி ஓடிவிட்டாள். கவிதா பின்னாலேயே ஓடிப் பிடித்தாள். டீச்சர் கம்பியோடு அப்படியே நின்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. சாயங்காலமே எல்லாவற்றையும் அவிழ்த்துக் கட்டைப்பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்புறம்தான் என்னிடம் கேட்டார், காதைக் குத்தாத சத்தம் எதில் வரும் என்று. ஆழ்துளைக் குழாய் போட்டவர்களிடம் மிச்சமிருந்த பிளாஸ்டிக் குழாய்களைக் கேட்டு வாங்கி, நீளமும் குட்டையுமாக அறுத்து நட்டோம். குழாயின் வாயில் ரப்பர் செருப்பால் தட்டினால் தொம் தொம் என்று வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். மூங்கில் துண்டுகளைக் கிளையில் தொங்கவிட்டோம். தேங்காய்ச் சிரட்டையை ஒன்றோடொன்று தட்டக் கொடுத்தோம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மகிழினி காதைப் பொத்தவில்லை. ஆனால் கிட்டவும் வரவில்லை.

அவள் கண்ணெல்லாம் வாய்க்கால் மடையில் இருந்தது. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பிரிகிற இடத்தில் ஒரு பலகை இருக்கும். தூக்கினால் தண்ணீர் ஓடும், இறக்கினால் நிற்கும். சம்பா நடவு முடிந்து எல்லாரும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த காலம். யாராவது பலகையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருப்பார்கள். மகிழினி அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆழமான இடம். கவிதா அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், “அந்த மடையையே தூக்கி மரத்தடியில வச்சாத்தான் இவ உள்ள வருவா போலிருக்கு” என்று சலித்துக்கொண்டாள்.

டீச்சர் அதைச் சலிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து மரத்தடியில், குழாய்களுக்கு நடுவே, சாண் அகலத்துக்கு ஒரு குட்டி வாய்க்கால் போட்டார். அதில் ஒரு குட்டி மடை, தூக்கி இறக்க ஒரு குட்டிப் பலகை. வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில் ஆயாம்மா குடத்துத் தண்ணீரை ஊற்றினால் அது ஓடிவந்து கீழே கவிழ்த்த தகர டப்பாவின் மேல் களகளவென்று விழும். மகிழினி வந்தாள். பலகையைத் தூக்கினாள், தண்ணீர் விழுந்தது. இறக்கினாள், நின்றது. காலையெல்லாம் அதே வேலை. ஆயாம்மாவுக்குத்தான் குடம் சுமந்து இடுப்பு விட்டுப் போயிற்று.

அடுத்து நடந்தது டீச்சர் திட்டம் போட்டது இல்லை, பிள்ளைகள் செய்தது. எல்லாம் வயல்காட்டு வீட்டுப் பிள்ளைகள். மடை அடைத்தால் என்ன அர்த்தம் என்று அவற்றுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஒருநாள் மகிழினி பலகையை இறக்கினாள். குழாயைத் தட்டிக்கொண்டிருந்த தர்ஷினி, கடிபட்ட அதே தர்ஷினி, செருப்பைத் தூக்கியபடி நின்றுவிட்டது. மடை அடைச்சாச்சு, நம்மளும் நிக்கணும் என்றது. மற்றதுகளும் நின்றன. மகிழினி பலகையைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். தூக்கினாள். எல்லாம் தட்ட ஆரம்பித்தன. மறுபடி இறக்கினாள். நின்றன. ஒரு பொடியன் மட்டும் நிற்காமல் தட்டினான், பக்கத்துப் பிள்ளை அவனைக் கிள்ளிவிட்டது. கவிதா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அழுதுகொண்டே சிரித்தாள். உலகத்தின் சத்தத்தை எல்லாம் கேட்டுப் பயந்து ஓடிய பிள்ளையின் கையில் சத்தத்தை நிறுத்துகிற பலகை இருந்தது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மரத்தடி வரைக்கும்தான் அது. அம்மாக்கள் இன்னும் கவிதாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருச்சிக்காரர்களுக்கு நான் சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது. அறுப்பு மிஷின்கள் வயலில் இறங்க ஆரம்பித்துவிட்டன. கவிதா மகளின் துணிகளைத் துவைத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

இந்த நேரத்தில் வார்டு மெம்பர், மரத்தடி விளையாட்டு இடத்துக்குப் பொங்கலை ஒட்டித் திறப்பு விழா வைக்க வேண்டும் என்றார். சிறப்பாகச் செய்துவிடலாம் டீச்சர் என்றதும் இந்த அம்மாவும் தலையாட்டிவிட்டார். எங்கள் ஊரில் சிறப்பு என்றால் என்ன? மைக் செட், மேளம், வெடி. அது இல்லாமல் ஒரு பெட்டிக்கடையைக்கூட நாங்கள் திறந்ததில்லை. சத்தத்துக்குப் பயப்படுகிற பிள்ளைக்காகப் போட்ட இடம் என்பது அன்றைக்கு ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. மரியாதையாக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஓடினார்கள். நான் பெட்டிகளைத் தெருப்பக்கமாகத் திருப்பி, சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். வெடி பற்றி எனக்குத் தெரியாது.

மெம்பர் ரிப்பனை வெட்டியதும் தவில் கெட்டிமேளம் கொட்டியது, வாசலில் சரவெடி பற்றிக்கொண்டது. மகிழினி போட்ட அலறலை நான் மைக்குக்குப் பக்கத்திலிருந்து கேட்டேன். கவிதாவின் கையை உதறிக்கொண்டு ஓடினாள். வாய்க்காலுக்குத்தான் ஓடுகிறாள் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. அவள் வாய்க்காலுக்குப் போகவில்லை. கூட்டத்துக் கால்களுக்குள் புகுந்து மரத்தடிக்குப் போனாள். குட்டி மடையின் பலகையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

புதுச்சட்டை போட்டு நின்ற பிள்ளைகள் எல்லாம் அப்படியே நின்றன. கையில் இருந்த செருப்பையும் சிரட்டையையும் கீழே இறக்கின. வெடி தீர்ந்துவிட்டது. தவில் நிற்கவில்லை. மெம்பர் மைக்கைப் பிடித்து, எனது பாசத்துக்குரிய என்று ஆரம்பித்துவிட்டார். தர்ஷினி நேரே அவர் முன்னால் போய் நின்று வேட்டியைப் பிடித்து இழுத்தது.

“மடை அடைச்சாச்சு” என்றது.

மெம்பருக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். சண்டை போடப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் குரல் உடைந்திருந்தது.

“தப்பு எம்மேலதாங்க. எனக்கே தோணாமப் போச்சு. இப்ப அவ முறைங்க. அவ திறக்குற வரைக்கும் கொஞ்சம் பேசாம இருங்க” என்றார்.

நான் வயரைப் பிடுங்கினேன். தவில்காரர் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மெம்பர், அவரும் பிள்ளைகுட்டிக்காரர், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் ஊரில் இத்தனை பேர் கூடி இப்படி அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. என் தொழிலில் அமைதிக்கு எங்கே வேலை? மகிழினி காதைப் பொத்திக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கவிதா போகப் பார்த்தாள், டீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குலுக்கல் நின்றது. அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து நின்றாள். பலகையைப் பிடித்துத் துளியூண்டு தூக்கினாள்.

பிள்ளைகளுக்கு அது எவ்வளவு என்று தெரிந்திருந்தது. தொம், தொம் என்று மெதுவாகத் தட்டின. மூங்கில் லேசாக ஆடியது. ஆயாம்மா ஓடிப்போய்க் குடத்தைச் சாய்த்தார். வந்திருந்த பெரியவர்கள் ஒருவரும் கைதட்டவில்லை, நல்லவேளை. அன்றைக்கு மெம்பர் பேசவே இல்லை. எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். டீச்சர் வழக்கம்போலக் கடைசியில் நின்றவர்களிடம் ஆரம்பித்தார்.

மறுநாள் கவிதா மகளை அங்கன்வாடிக்கு அனுப்பவில்லை. நேற்று அவ்வளவு பயந்த பிள்ளை, இன்னும் இரண்டொரு நாளில் திருச்சிக்குப் போகப்போகிறது, வீட்டிலேயே இருக்கட்டும் என்றாள். பெட்டி கட்டிலின்மேல் திறந்தபடி இருந்தது. நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ராதிகா.  நேற்றைய கூத்துக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கவிதா உள்ளேயிருந்து வரவே இல்லை.

ராதிகா என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“மகிழ் வரலையாண்ணே? அங்க ஒரு புள்ளையும் குழாயைத் தொட மாட்டேங்குது. டீச்சரே பலகையைத் தூக்கிப் பாத்தாங்க, நீங்க தூக்கக் கூடாது, அவ வரணும்னு சொல்லி எல்லாம் உக்காந்திருக்குதுங்க. எம் பொண்ணுதான் என்னைப் போயி கூட்டிட்டு வரச் சொன்னா. குடுங்கண்ணே, நான் தூக்கிட்டுப் போறேன்.”

நான் திரும்பிப் பார்த்தேன்.   உள்ளே கவிதா பெட்டிக்குள்ளிருந்து ஒரு கவுனை உருவி எடுத்து, அவசர அவசரமாக மகளுக்குப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.